அணிசேராமை நடுநிலைமை அன்று

விடைத்தாள் திருத்தும் இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத விதி. பொங்கல் முடிந்த ஒரு முற்பகலில் நான் அதை மீறினேன்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் நீளமான கூடம். ஜன்னல் வழியே காற்று உள்ளே வந்து தாள்களைப் புரட்டியது. பறக்காமலிருக்க ஆளுக்கொரு செங்கல் துண்டு கொடுத்திருந்தார்கள். என்னுடைய செங்கல்லில் முந்தைய ஆண்டு யாரோ கொட்டிய சிவப்பு மை காய்ந்து கிடந்தது. எதிரே ஆறிப்போன டீ.

அஞ்சல் வழியில் பி.ஏ. அரசியல் அறிவியல் படிப்பவர்களின் தாள்கள் அவை. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு, கிடைத்த நேரத்தில் படித்து எழுதியவர்கள். பாடம், இந்திய வெளியுறவுக் கொள்கை. இருபது மதிப்பெண் கேள்வி இது: ‘அணிசேராமை நடுநிலைமை அன்று. விளக்குக.’

எதிர்பார்த்த பதில் எளிமையானது. நடுநிலைமை என்றால் சண்டையிலிருந்து ஒதுங்கி உட்கார்ந்துகொள்வது. அணிசேராமை அதுவல்ல. எந்தக் கூட்டத்திலும் சேரமாட்டோம், ஆனால் ஒவ்வொரு பிரச்சினையிலும் அதனதன் நியாயத்தைப் பார்த்து, சரியைச் சரி என்போம், தப்பைத் தப்பு என்போம். இதை முன்னே பின்னே எழுதினாலும் பத்தோ பன்னிரண்டோ போட்டுவிடலாம்.

என் கையிலிருந்த தாள் இப்படித் தொடங்கியது: ‘கேள்வியில் கூறியபடி, அன்று அணிசேராமை நடுநிலைமையாக இருந்தது. இன்று அது என்ன ஆயிற்று என்பதை விளக்குகிறேன்.’

அடுத்த வரி: ‘அன்று நாம் இரண்டு பக்கமும் சேராமல் இருந்தோம். ஆனால் பனியன் மட்டும் ரஷ்யாவுக்குப் போனது.’

சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் என்னவென்று கேட்க, படித்தும் காட்டினேன். கூடமே சிரித்தது. தலைமைத் தேர்வாளர் நஞ்சப்பன் சார் தன் பிளாஸ்கைத் திறந்தபடியே, “என்னங்க அம்மணி போடப் போறீங்க?” என்றார்.

“கேள்வியே புரியலீங்களே சார்” என்று சொல்லி, ஒரு முட்டை போட்டேன். நன்றாக வட்டமாக விழுந்தது. அப்போது வந்த பஜ்ஜியில் இரண்டு எடுத்துச் சாப்பிட்டேன்.

அல்ல அல்ல, அன்று

இத்தனை ஆண்டு கழித்து ஒன்றைச் சொல்லிவிடலாம். அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவள் நான்தான். அது வெளியே தெரியக் கூடாத ரகசியம். தெரிந்திருந்தது எனக்கும் நஞ்சப்பன் சாருக்கும் மட்டும்.

கேள்வியில் எல்லாரையும் போல ‘அல்ல’ என்று எழுதியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. நான் எழுதமாட்டேன். கொடுமுடியில் எனக்குப் பத்தாம் வகுப்பு எடுத்த தமிழாசிரியை அப்படி வளர்த்துவிட்டார். ஒன்றாக இருந்தால் ‘அன்று’, பலவாக இருந்தால் ‘அல்ல’. இது மரம் அன்று. இவை மரங்கள் அல்ல. மாற்றி எழுதியவர்கள் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும். நான் ஒரு நாள் நின்றேன், அவ்வளவுதான், ஆயுசுக்கும் மறக்கவில்லை.

அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை. நிச்சயதார்த்தம் முடிந்ததும் என் கணவர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். கணபதியில் சொந்த லேத் பட்டறை வைத்திருந்தவர். பாவம், ஆசையாக மூன்று பக்கம் எழுதியிருந்தார். அதில் ‘நான் கோபக்காரன் அல்ல’ என்று ஒரு வரி. நான் பதில் போட்டேன்: ‘அல்லேன் என்று வர வேண்டும்.’

வேறெதுவும் எழுதினேனா என்று நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கிறது. வேறெதுவும் எழுதவில்லையாம். “அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கோணும்” என்று வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார்.

அடித்துத் திருத்திய நோட்டு

அணிசேராமை பாடத்துக்கு என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. நான் மாணவியாக இருந்தபோது பேராசிரியர் சொல்லச் சொல்ல எழுதியது. அதையே வைத்துக்கொண்டு நானும் பாடம் எடுத்தேன். பெரும்பாலான பேராசிரியர்களின் ரகசியம் இதுதான், என்னைத் திட்டாதீர்கள்.

அதில் கறுப்பு மையில் முதல் வரி: ‘இரு வல்லரசு அணிகளில் எதிலும் சேராதிருத்தல்.’ அதற்குக் கீழே, சோவியத்துடன் நட்பு ஒப்பந்தம் போட்ட பிறகும் நாம் அணிசேரா நாடே என்று ஒரு வரி. அதைச் சொல்லும்போது பேராசிரியர், “சிரிக்காம எழுதிக்குங்க” என்றது ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூறுகள் தொடங்கியதும் சோவியத் காணாமல் போனது. பாடத்திட்டம் அப்படியே இருந்தது. வகுப்பில் ஒருத்தி எழுந்து கேட்டாள்: “ரெண்டுல ஒண்ணு போயிருச்சுங்களே மேடம், இப்ப எதுல சேராம இருக்கறதுங்க?” அன்று வீட்டுக்கு வந்து நோட்டில் ‘இரு’ என்ற சொல்லை மட்டும் அடித்தேன்.

செய்தித்தாளில் ஒருவர் அணிசேராமை செத்துவிட்டது என்று எழுதுவார். இன்னொருவர், யார் சொல்லையும் கேட்காமல் நம் முடிவை நாமே எடுப்பதுதான் எப்போதும் அதன் பொருள் என்பார். மூன்றாமவர், இனி எல்லாரோடும் பேசுவதுதான் அணிசேராமை என்பார். நான் மூன்றையும் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தேன். பென்சில் என்றால் அழித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. நான் சத்தம் போட்டுப் பாடம் தயாரிப்பதைக் கேட்டுக் கேட்டு என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில், என் அம்மாவுக்கும் அவர் அம்மாவுக்கும் பேச்சு முற்றினால், “நான் அணிசேரா நாடு” என்று பட்டறைக்குப் போய்விடுவார். சில வருஷத்தில் பொருள் மாறியது. போகமாட்டார். இரண்டு பேர் வைத்த குழம்பையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எது நன்றாயிருந்தது என்று சொல்லாமல் கை கழுவிவிடுவார்.

இதைத்தான் பெரிய பெரிய ஆட்கள் கட்டுரையாக எழுதினார்கள்.

கொடியில் காய்ந்த பனியன்

பங்குனி வெயிலில், எனக்கு வகுப்பில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ராஜாமணி அக்கா கணபதியில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

அஞ்சல் வழி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வகுப்பெடுப்பேன். அங்கே முதல் பெஞ்சில் உட்காருபவர் அவர். எனக்கு முப்பத்திரண்டு, அவருக்கு நாற்பது. நான் அக்கா என்பேன், அவர் டீச்சர் என்பார். இருவருமே ‘ங்க’ போட்டுத்தான் பேசிக்கொள்வோம். ஆனைமலைப் பக்கம் தோப்புகளில் கூலி வேலை செய்த குடும்பம். அவர் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனி மூடியதும் கோவையில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் ஆயா வேலைக்கு வந்தார். கணவர் இல்லை. ஆறாவது படிக்கும் மகள் ஆனைமலையில் தங்கை வீட்டில் இருந்தாள். ஆயாக்களுக்கு விடுதியில் படுக்க ஓரிடம் உண்டு, பிள்ளையை வைத்துக்கொள்ள அனுமதியில்லை.

விடுதி வார்டன் ஓய்வு பெறப் போகிறார். ஜூனில் பள்ளி திறக்கும்போது பட்டம் பெற்றதற்குக் காகிதம் காட்டினால் அந்த வேலை ராஜாமணி அக்காவுக்கு என்று சொல்லியிருந்தார்கள். வார்டனுக்குத் தனி அறை. பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாம்.

“எல்லாப் பேப்பரும் பாஸாயிட்டனுங்க டீச்சர். வெளியுறவுல மட்டும் முப்பத்தி மூணு போட்டிருக்காங்க” என்றார். தேறுவதற்கு நாற்பது வேண்டும். “அந்த அன்று கேள்வி இருந்துதுங்களே, அதத்தான் நான் மல போல நம்பியிருந்தனுங்க.”

நான் மெதுவாகக் கேட்டேன்: “என்ன எழுதுனீங்க அக்கா?”

“அன்று எப்படி, இன்று எப்படின்னு நாலு பக்கம் எழுதுனனுங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டு டீ போட எழுந்தேன். திரும்பி வரும்போது அவர் வாசலில் துணிக்கொடி அருகே நின்றிருந்தார். என் கணவரின் பனியன் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதன் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“ஏனுங்க டீச்சர், இது எங்க கம்பெனிதுங்க! நான் மடிச்சதாக்கூட இருக்கும்!”

பட்டியில் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டது மாதிரி ஏதோ அச்சிட்டிருந்தது. திருப்பூரில் மலிவாகக் கிடைத்தது என்று என் கணவர் ஆறு வாங்கி வந்திருந்தார். ஒரு காலத்தில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அந்தப் பட்டியோடுதான் திரிந்தார்கள். யாருக்கும் படிக்கத் தெரியாது.

“ரஷ்யாக்காரன் எடுக்கலீன்னதும் அத்தன பொட்டியும் நின்னு போச்சுங்க. மொதலாளி இங்கயே வித்துப்போட்டாரு. கதவச் சாத்துனாங்க. ரெண்டு வருசங் கழிச்சுத் தொறந்தப்ப அமெரிக்காக்காரனுக்கு, ஜெர்மன்காரனுக்கு, கேட்டவனுக்கெல்லாம் போகுது. எங்களத்தான் எடுக்கலீங்க. சின்னப் புள்ளைகளா எடுத்துட்டாங்க.” பட்டியை நீவிவிட்டார். “அதத்தானுங்க எழுதுனேன். அன்று யாரு பக்கமும் இல்லைன்னோம், பனியன் ஒருத்தனுக்குத்தான் போச்சு. இன்று எல்லாரு பக்கமும் போறோம், அதுக்கும் அதே பேருதான். பேரு மாறல, பொருள் மாறிப்போச்சுன்னு முடிச்சனுங்க.”

நான் அசந்து நின்றேன். என் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்து, எது சரி என்று தெரியாமல் நான் விழித்ததை இந்த மனுஷி நாலு வரியில் முடித்திருந்தார். கூடத்தில் நான் முதல் இரண்டு வரிக்குச் சிரித்துவிட்டு, மிச்சத்தை அரைக் கண்ணால்தான் பார்த்தேன்.

“மறு மதிப்பீட்டுக்குப் போடலாமுங்களா? நாஞ் சொன்னது தப்பா, சரியான்னு மட்டும் சொல்லுங்க டீச்சர்.”

இங்கே நான் செய்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. “நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க அக்கா. சொல்லவும் கூடாது. அடுத்த தடவை எழுதிக்கலாமே” என்றேன்.

அடுத்த தடவை என்றால் ஜூன் போய்விடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை அவரே கழுவி வைத்தார். படியிறங்கும்போதுதான் சொன்னார்:

“என்ற பக்கம் சேரச் சொல்லலீங்க டீச்சர். இருக்கறத இருக்கறபடி சொன்னாப் போதுமுங்க. வாரனுங்க.”

அவர் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். யார் பக்கமும் சேர வேண்டாம், இருப்பதை இருக்கிறபடி சொல். என் கேள்விக்கு நான் எதிர்பார்த்த விடை அது. இருபதுக்கு இருபது போட வேண்டிய விடை.

உள்ளே என் கணவர் செய்தித்தாளை மடித்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. “ஏனம்மிணி, இப்ப நீ அணிசேரா நாடா, இல்ல சும்மா நடுநிலையா?” என்றார்.

அவரோடு அன்று முழுக்க நான் பேசவில்லை. சரியாகச் சொல்லிவிட்டார் என்ற கோபம்தான்.

சிரிச்சீங்களா

மறுநாள் நேராக விடுதிக்குப் போனேன். அவர் பின்கட்டில் பெரிய அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், இல்லாவிட்டால் சொல்லாமல் திரும்பியிருப்பேன்.

“அக்கா, கேள்வியை எழுதுனதும் நான்தான். உங்க தாளுக்கு முட்டை போட்டதும் நான்தான்.”

அவர் கை நின்றது. சாம்பல் ஒட்டிய கையை முழங்கையோடு தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“முழுசாப் படிச்சீங்களாங்க?”

“இல்லீங்க.”

“சிரிச்சீங்களா?”

பொய் சொல்லத் தோன்றியது. “சிரிச்சேன்” என்றேன்.

“கம்பெனிக் கதவச் சாத்துன அன்னைக்கு நாங்களும் சிரிச்சமுங்க. சோவியத்துன்னு ஒரு நாடே இனி இல்லைன்னு மேனேஜர் சொல்றாரு. நாடு எப்படிங்க இல்லாமப் போகும்னு சிரிச்சோம்” என்றார். அப்புறம் அண்டாவை மறுபக்கம் திருப்பித் துலக்கத் தொடங்கினார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுத்தில் அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஒரு வரி திருத்தம்

நஞ்சப்பன் சார் வீட்டில் அவர் பிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றினார். நடந்ததை முழுக்கச் சொன்னேன், கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

“கேள்விக்கு ரெண்டு பொருள்னு ஒத்துக்கிட்டா அத்தன பேப்பர்க் கட்டையும் மறுபடி பிரிச்சுப் பாக்கோணுமுங்க அம்மணி. உங்களை இனிமே கேள்வித்தாளுக்குக் கூப்பிடமாட்டாங்க. பரவால்லீங்களா?”

“பரவால்லீங்க சார்.” பெரிதாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே வலித்தது. அந்தக் கௌரவம் எனக்குப் பிடிக்கும்.

“அப்ப எழுதிக் குடுங்க.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கேள்வியில் உள்ள ‘அன்று’ என்ற சொல்லுக்கு ‘இல்லை’ என்றும் பொருள், ‘அந்தக் காலத்தில்’ என்றும் பொருள். இரண்டாவது பொருளில் எழுதியவர்களின் விடையையும் படித்து மதிப்பிட வேண்டும். கேள்வியை அமைத்தவள் நான். கடைசி வரியாக ‘இது மாணவர்களின் பிழை அன்று’ என்று முடித்துக் கையெழுத்துப் போடப் போனேன்.

நஞ்சப்பன் சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “அப்ப இன்று யாரோட பிழைங்க?”

இரண்டு பேரும் சிரித்தோம். நான் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தேன். அடித்துவிட்டு மேலே ‘அல்ல’ என்று எழுதினேன். இலக்கணப்படி தப்பு. தெரிந்தே நான் எழுதிய முதல் ‘அல்ல’ அது. கொடுமுடித் தமிழாசிரியை பார்த்திருந்தால் என்னை வகுப்பு முடியும்வரை நிறுத்தியிருப்பார்.

கட்டுகளைப் பிரித்தார்கள். ‘அன்று, இன்று’ என்று எழுதியவர்கள் ராஜாமணி அக்கா மட்டுமில்லை, இன்னும் பலர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் எங்களில் பலர் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தோம். என்னை அதற்குப் பிறகு எந்தக் கேள்வித்தாளுக்கும் கூப்பிடவில்லை. ராஜாமணி அக்காவின் முப்பத்து மூன்று, நாற்பத்தொன்பது ஆனது. வைகாசியில் காகிதம் வந்தது. ஆனைமலையிலிருந்து மகள் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

விடுதிப் பலகை

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் வேலையாக அந்தப் பக்கம் போனவள் விடுதிக்குள் எட்டிப் பார்த்தேன். ராஜாமணி அக்கா வார்டன் மேசையில், மூக்குக் கண்ணாடியோடு. பக்கத்தில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வெள்ளரிப் பிஞ்சு நறுக்கி உப்பு மிளகாய் தூவி வைத்தார்.

அவர் பின்னால் அறிவிப்புப் பலகை. அவர் கையெழுத்தில் பெரிதாக: ‘பள்ளி நேரத்தில் விடுதி அறையில் படுத்திருப்பது முறை அன்று.’

“என்னங்க அக்கா, நானே அல்லவுக்கு மாறிட்டேன், நீங்க அன்று போட்டிருக்கீங்க?”

“சரியானத எழுதோணுமில்லீங்களா டீச்சர். ஒண்ணுக்கு அன்று, பலதுக்கு அல்ல. அந்த முட்டைக்கப்பறம் நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க.”

கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த வரிக்குக் கீழே யாரோ ஒரு பெண் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘இன்று?’

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “பிடிச்சீங்களா இவளை?”

“புடிச்சனுங்க. எட்டாவதுப் புள்ள.” வெள்ளரித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “முட்டை போடலீங்க டீச்சர். பக்கத்துல உக்கார வச்சு, ஏன் கண்ணு இப்படி எழுதுனேன்னு முழுசாக் கேட்டேன். அப்பறம்தான் சிரிச்சனுங்க.”